பத்து வாலுக்கு ஒரு கிலோ சீனி

கிரேத்தி ரோரோங் முதன்முதலாகத் தென்னை ஏறிய அன்று நான் கூட இருந்தேன். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. புருஷன் யோப்பி கப்பலில் சமையல்காரன். ஒன்பது மாதம் கடலில் இருப்பான், இரண்டு மாதம் வீட்டில் இருப்பான். மாமனார் விட்டுப்போன நாற்பது மரமும் காய்வெட்டுக்கு வந்துவிட்டன. மரமேறுகிற ஆளோ இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று மூன்று வாரம் இழுத்தடித்தான். முற்றிய காய்கள் தானாக விழுந்து முளைவிடத் தொடங்கின. ஒரு நாள் காலையில் யோப்பியின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாளோடு என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"மெத்தி, சும்மா வந்து நில்லு. விழுந்தா ஊருக்குச் சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?"

எங்கள் ஊர் ரனோலெலேயில் தென்னைகளுக்கு அடியிலிருந்து மேல் வரை படி வெட்டியிருப்பார்கள். அதில் காலை வைத்து அவள் பாதி மரம் வரை போனாள். அப்புறம் அசையவில்லை.

"என்னடி ஆச்சு?"

"கீழ பாத்துத் தொலைச்சிட்டேன்."

மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றாள். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு குட்டி அணில் தலைகீழாக இறங்கி வந்தது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமனான உடம்பு, கோடில்லாத பழுப்பு முதுகு, குச்சி மாதிரி வால். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் சொல்வார், இந்தச் சுலாவெசித் தீவை விட்டால் உலகத்தில் எங்குமே கிடையாது என்று, அதே அணில்தான். அவள் முழங்கை மேலேயே ஓடி, தோளைச் சுற்றிப் போய், மரத்தின் மறுபக்கத்தில் மறைந்துவிட்டது.

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "மெத்தி! என்னையும் மரம்னு நெனச்சிட்டுப் போவுது!"

சிரித்ததில் பயம் விட்டதோ என்னவோ, மேலே போய்விட்டாள். அன்றைக்கு ஆறு மரம் ஏறினாள். சாயங்காலம் தொடை இரண்டும் தேய்ந்து ரத்தம் கசிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போனாள். இரண்டு வருஷத்துக்குள் பக்கத்து வீடுகளிலும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆம்பளைகளை விட வேகம். இளங்காய் ஒன்றைக்கூடத் தட்டிவிட மாட்டாள். சொன்ன நாளில் வந்து நிற்பாள். அதைவிட வேறென்ன வேண்டும்?

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எங்கள் மினஹாசா வட்டாரத்துப் பெண்களுக்கு அது ஒரு குறையில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

நான் சொல்ல வந்த சங்கதி எட்டு வருஷத்துக்கு முந்தியது. அந்த வருஷம் கோடை நீண்டது. ஜூன் மாத வாக்கில் தென்னந்தோப்பு முழுக்கப் பாதி வளர்ந்த காய்கள் விழத் தொடங்கின. எடுத்துப் பார்த்தால் காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை. உள்ளே தண்ணீரும் இல்லை, வழுக்கையும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் கொப்பரைதான் சோறு. கொப்பரை அடுப்புகள் வாரக்கணக்கில் புகையாமல் கிடந்தன.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெரியவர் மொகாலுவுக்கு எழுபது வயது, முந்நூறு மரத்துக்குச் சொந்தக்காரர். முதலில் எழுந்தவர் அவர்தான்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்க. ஆனா பொம்பள கால் பட்ட மரத்துல காய் தங்காதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் கிரேத்தி பக்கம் திரும்பியது. அவள் வறுத்த வாழைக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். நிதானமாக விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"உங்க தோப்புல நான் ஏறினதே இல்லையே மாமா. அங்க யாரு கால் பட்டுச்சு? உங்க மரமேறி பேன்ட்டைக் கழட்டிப் பாத்துட்டீங்களா?"

கூடம் அதிரச் சிரித்தார்கள். மொகாலுவின் மருமகன்கூடச் சிரித்தான். ஆனால் சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான். அவர் சொன்ன பேச்சு ஊரில் தங்கிவிட்டது. அடுத்த பத்து நாளில் மூன்று வீட்டுக்காரர்கள், "இந்தத் தடவை வேண்டாம் கிரேத்தி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுகிறவள். கிரேத்தி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. என் கடையில் சீனி வாங்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: "பாட்டு மட்டும் ஒரே சுருதியில பாடுறா."

இரண்டாவது கூட்டத்தில் ஊர்த்தலைவர் வெல்லி துலார் கையில் ஓட்டைக் காயோடு எழுந்தார். வெல்லி கெட்டவர் இல்லை. ஊர் இரண்டுபடக் கூடாது என்று நினைக்கிறவர். ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதற்கப்புறம்தான் காரணம் தேடுவார்.

"இது கால் வச்ச ஓட்டை இல்ல, பல்லு வச்ச ஓட்டை. பாவம், அந்தப் பொண்ணை விட்ருங்க. தென்னமரத்துல நாள் பூரா மேலயும் கீழயும் ஓடுறது யாரு? அணில். பாத்திருக்கீங்களா இல்லையா?"

"பாத்திருக்கோம்!"

"அப்புறம் என்ன? பத்து வால் கொண்டாந்தா ஒரு கிலோ சீனி. என் கடையிலேர்ந்து நானே தர்றேன்."

ஊரில் ஏர்கன் வைத்திருந்த ஆண்களுக்குத் திருவிழா வந்த மாதிரி ஆயிற்று. யோப்பியின் சித்தப்பா மகன் ஃபெரி எல்லாருக்கும் முன்னால் போனான். முப்பது வயது, கல்யாணமானவன், சுடுவதில் கெட்டிக்காரன். முதல் வாரத்திலேயே பதினாலு வால். ஒவ்வொன்றும் தைக்கிற ஊசிநூல் மாதிரி. கம்பியில் கோத்து வெல்லியின் கடை முன்னால் தொங்கவிட்டார்கள்.

அன்று மத்தியானம் நான் கிரேத்தியிடம் சொன்னேன், "போகட்டும் விடு. உன் மேல இருந்த பழி போச்சு. நிம்மதியா இரு."

"எங்க போச்சு? என் தலையிலேர்ந்து எறக்கி அதோட முதுகுல வச்சிருக்காங்க. அது முதுகு எத்தாத்தண்டி மெத்தி?"

"நீ என்ன, அணிலுக்கு வக்கீலா?"

"நான் வௌவாலும் தின்னுறவ, எலியும் தின்னுறவ. அணில் மேல எனக்கு என்ன காதலா? பதினேழு வருஷமா மேல உக்காந்து பாக்குறேன். பட்டையைச் சுரண்டும், எறும்பைப் பிடிச்சுத் திங்கும், பாளையில பூவை நக்கும். காய் பக்கம் போனதே இல்ல. அந்த வாயால மட்டையைத் தொளைச்சு ஓட்டை போட முடியுமா? செய்யாத குத்தத்துக்கு அது எதுக்குச் சாகணும்?"

அன்று யோப்பி வீடியோ போனில் வந்தான். கப்பலின் அடுக்களை பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னதும் நான் சொன்னதேதான். "உனக்கு எதுக்கு வம்பு? ஊரே ஒரு பக்கம் நிக்குது. மறுபடி உன் பக்கம் திரும்பினா என்ன பண்ணுவ?"

"திரும்பட்டும். எனக்கு மூஞ்சி ஒண்ணுதானே இருக்கு? அதைப் பாத்துக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சொன்னதை நிரூபிக்க அவள் முதலில் செய்த காரியம் தப்பாகப் போனது. ஒரு அணிலை வலை போட்டுப் பிடித்து, பறவைக் கூண்டில் அடைத்து, உள்ளே இரண்டு இளங்காயை மட்டும் வைத்து, ஊர்க்கூடத்து வாசலில் தொங்கவிட்டாள். "மூணு நாள் பாருங்க. ஓட்டை போடுதான்னு பாப்போம்." போடவில்லை. கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. வெல்லி வந்து பார்த்துவிட்டு, "பயத்துல யாரு சாப்பிடுவா? என்னை இப்படித் தொங்கவிட்டா நானும் பன்னிக்கறிகூடத் திங்க மாட்டேன்" என்றார். அது நியாயமான பேச்சுதான். மூன்றாம் நாள் காலையில் அணில் செத்துக் கிடந்தது.

கிரேத்தி அன்று வேலைக்குப் போகவில்லை. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போனது. மதியத்துக்கு மேல் எழுந்து, செத்த அணிலை எடுத்துக்கொண்டு நேரே வெல்லியின் கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"இதையும் சேத்துக் கம்பியில கோத்துக்குங்க தலைவரே. இதைக் கொன்னது நான். எனக்குச் சீனி வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. வெல்லி கையை நீட்டவில்லை.

"கூண்டுல வச்சது என் முட்டாள்தனம். ஒத்துக்கிறேன். இப்ப வேற ஒண்ணு கேக்குறேன். அணில் எப்பத் தூங்கும்?"

"பொழுது சாஞ்சாத் தூங்கிரும்" என்றான் ஃபெரி. சுடுகிறவன் அவன், அவனுக்குத் தெரியும். ஆறு மணிக்கு மேல் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

"அப்ப காய்ல ஓட்டை விழுறது பகலா, ராவா? யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. கீழே விழுந்த காயைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். மேலே ஏறிப் பார்க்கிறவர்கள் அவளும் இன்னும் இரண்டொரு மரமேறிகளும்தான், அவர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஒரு மரத்தில் ஏறுவார்கள்.

"ஆத்தோரத்துல உங்க பன்னெண்டு மரம் இருக்கே, அது போதும். பொழுது சாயுறப்ப ஏறி, நல்ல காய்க்கெல்லாம் சுண்ணாம்பு தொட்டு வப்பேன். விடிஞ்சதும் ஏறிப் பாப்பேன். பகல்ல எத்தனை ஓட்டை, ராவுல எத்தனை ஓட்டைன்னு தெரிஞ்சிரும். நான் மட்டும் ஏறினா நம்ப மாட்டீங்க. ஃபெரி என்கூட ஏறட்டும்."

"நானா?" என்றான் ஃபெரி.

"சீனி வாங்கின கை மரத்தையும் பிடிக்கட்டும்."

கடையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். முடியாது என்று அவனால் சொல்ல முடியவில்லை. வெல்லி யோசித்தார். மரம் அவருடையது, சாட்சி அவருடைய ஆள். தட்டிக் கழிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "மூணு நாள்" என்றார்.

ஃபெரி மரமேறிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் அவன் ஏறியதைப் பார்க்கப் பாதி ஊர் ஆற்றோரத்தில் நின்றது. ஏழாவது படியிலேயே நின்று மூச்சு வாங்கினான்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"துப்பாக்கியத் தூக்கிட்டுக் காட்டுல ஓடுறவன்தானே நீ?"

"அது தரையில ஓடுறது அண்ணி!"

பன்னிரண்டு மரத்துக்கும் சுண்ணாம்பு தொட்டு முடிக்க இருட்டு கட்டிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் இருவரும் மறுபடி ஏறினார்கள். சுண்ணாம்பு தொட்ட ஒன்பது காய்களில் புது ஓட்டை. அந்த ஒன்பதையும் வெட்டிப் போட்டுவிட்டு இறங்கினார்கள். அன்று முழுக்கக் கிரேத்தி வேறு தோப்பில் வேலை செய்தாள். சாயங்காலம் ஏறிப் பார்த்தால் பகலில் ஒரு ஓட்டைகூட இல்லை. இரண்டாம் நாள் ராத்திரிக்கு ஏழு.

"தற்செயலா இருக்கலாம்" என்றார் மொகாலு. நம்பாதவர்களில் அவர்தான் மூத்தவர்.

மூன்றாம் நாள் ஃபெரி தானாகவே ஒரு காரியம் செய்தான். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை ஏர்கன்னோடு ஆற்றோரத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். பொண்டாட்டி சோறும் பொரித்த மீனும் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போனபோது கேட்டேன், "எத்தனை சுட்ட?"

"ஒண்ணுகூடச் சுடல அக்கா. எட்டு அணில் வந்துச்சு, எண்ணினேன். கை துறுதுறுன்னு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ரெண்டு சோடி இந்த மரத்துலயேதான் கெடந்துச்சு. பட்டையில பூச்சி பொறுக்குச்சு, ஒண்ணை ஒண்ணு தொரத்திச்சு, மட்டையில படுத்துத் தூங்கிச்சு. காயை மோந்துகூடப் பாக்கல." ஏர்கன்னைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான், "பதினாலு சுட்டேன் அக்கா."

 

நாலாம் நாள் விடியற்காலை. கடைசித் தடவை. அன்றைக்கு வெல்லியே வந்து நின்றார், மொகாலுவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மரத்தின் உச்சியில் கிரேத்தி பன்னாடையை விலக்கிப் பார்த்தவள், "ஃபெரி, இந்தப் பக்கம் வா. சத்தம் போடாதே" என்றாள். மட்டைக்கும் குலைக்கும் நடுவே, தேங்காய் நாரும் கிழிந்த ஓலையும் வைத்துக் கட்டின கூடு ஒன்று இருந்தது, பானை அளவுக்கு. அவள் அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினாள்.

உள்ளிருந்து நாலைந்து எலிகள் பாய்ந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஃபெரி என்ன நினைத்தானோ, இரண்டு கையையும் மரத்திலிருந்து எடுத்துவிட்டு ஒன்றின் வாலைப் பிடித்தான். கீழே பெண்கள் அலறினார்கள். கிரேத்தி ஒரு கையால் அவன் இடுப்பு வாரைப் பிடித்து மரத்தோடு சேர்த்து அழுத்தினாள்.

"மரத்தைப் பிடிடா மடையா! செத்தா உன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

அவன் மரத்தைப் பிடித்தான், ஆனால் எலியையும் விடவில்லை. அதைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினான்:

"வால் நுனி வெள்ளை, தலைவரே! வெள்ளை வாலு!"

 ஆற்றோரமே ஆர்ப்பரித்தது. வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. வெள்ளை வால் எலி என்றால் எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. மிளகாயும் இஞ்சியும் அரைத்துப் போட்டுச் சமைத்தால் பன்றிக்கறியைத் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் கேட்பார்கள். அதற்காக எங்கள் ஆண்கள் மலைக்காட்டில் ராப்பகலாகக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவோ இங்கே அவர்கள் தலைக்கு மேலேயே, அவர்கள் தேங்காயையே தின்று கொழுத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை மரத்துல கூடு இருக்கும்?" என்று மொகாலுவின் மருமகன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு கேட்டான்.

வெல்லி தொண்டையைச் செருமினார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, வால் உள்ள ஏதோ ஒண்ணுதான்னு."

மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கிரேத்தி பாதியிலேயே நின்றுவிட்டாள். "ஆமா தலைவரே. கொரங்குன்னு சொல்லாம விட்டீங்களே, அது வரைக்கும் புண்ணியம்."

அன்று மத்தியானமே வெல்லி தன் கடை முன்னாலிருந்த கம்பியை அவிழ்த்து எடுத்துவிட்டார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. அது அவர் வழக்கமில்லை. ஆனால் மறுவாரம் தன் மரம் அத்தனையிலும் கிரேத்தியே காய் வெட்டட்டும் என்று ஆள் அனுப்பினார். முன்பு வேண்டாம் என்ற மூன்று வீட்டில் இரண்டு வீடு திரும்பி வந்தது. மூன்றாவது வீடு அந்த ஜெபக் கூட்டத்துப் பாட்டுக்காரி. அவள் வர ஒரு வருஷம் ஆயிற்று. வந்தபோது கையில் ஒரு சட்டி எலிக்கறி கொண்டுவந்தாள். கிரேத்தி வாங்கிக்கொண்டு, "உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னாள். அதோடு சமாதானம் ஆகிவிட்டது.

அந்த வருஷக் கடைசி வரை ஊரில் வேறு பேச்சே கிடையாது. பகலில் மூங்கில் கண்ணி செய்வார்கள், மரத்துக்கு மரம் கட்டுவார்கள். தனியாக நின்ற மரங்களின் இடுப்பில் தகரம் சுற்றினார்கள், எலியின் நகம் வழுக்கும்படி. காய் விழுவது முழுக்க நிற்கவில்லை. முன்பு பத்து விழுந்த இடத்தில் இரண்டு மூன்று விழுந்தது, அவ்வளவுதான். அது எல்லா வருஷமும் விழுகிறதுதான். கொப்பரை அடுப்புகள் மறுபடி புகைந்தன. மொகாலு கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. எலி பிடிக்க வந்தவர்களைத் தோப்புக்குள் விட்டார், கறியையும் வாங்கித் தின்றார், ஆனால் கிரேத்தியைத் தன் மரத்தில் ஏறவிடாமலே இறந்துபோனார். அவர் சாவுக்கு அவள் போய் மூன்று நாள் அடுக்களை வேலை செய்தாள்.

அணில்களைப் பற்றிக் கேட்பீர்கள். சுட்டதில் குறைந்துபோனவை திரும்பி வர இரண்டு மழைக்காலம் ஆயிற்று. ஃபெரி ஏர்கன்னை விற்கவில்லை, ஆனால் எடுத்ததைப் பார்த்தவர்கள் இல்லை. அவன் பொண்டாட்டி லிண்டா இப்போது கிரேத்தியோடு மரமேறுகிறாள். அவன் கண்ணி பார்க்கிறான். "என் வீட்ல மேல ஏறுறது அவ, கீழ தேடுறது நான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

போன வருஷம் ஊரின் முறைவேலைக் கூட்டத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்கு ஒரு வீட்டுத் தோட்டம், நாளைக்கு அடுத்த வீட்டுத் தோட்டம் என்று எல்லாரும் சேர்ந்து மாறி மாறி உழைக்கிற கூட்டம் அது. விடியுமுன் கொம்பு ஊதி ஆட்களை எழுப்புவது தலைவர் வேலை. தாமதமாக வருகிறவர்களை எல்லார் முன்னாலும் கண்டிப்பதும் அவர்தான். கிரேத்தியின் பெயரை எழுந்து சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? வெல்லி துலார். பெண் ஒருத்தி கொம்பு ஊதுவது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. ஆனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

முதல் நாள் காலையில் அவள் ஊதிய ஊதலில் என் கடைத் தகரம் அதிர்ந்தது. எழுபது பேர் சரியான நேரத்துக்கு மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். ஒருவர் மட்டும் கால் மணி நேரம் கழித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"தலைவரே," என்றாள் கிரேத்தி, கொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "ஊருக்குத் தலைவர் நீங்க. வயலுக்கு நான். நாளைக்கும் லேட்டா வந்தா மத்தியானச் சோறு கெடையாது."

"ஒரு நாளைக்குத்தானே கிரேத்தி…"

"குனிங்க. களை அந்தப் பக்கம் கெடக்கு."

வெல்லி குனிந்தார்.